தலையில் துணி: கல்யாணமா, கைம்மையா?

2 ஜூன் 2023, ஒரு வாசகர் எழுதியது

"கல்யாணமான பெண் தலையை மூடிக்கொள்வது முகலாயர் கொண்டுவந்த பழக்கம். அதற்கு முன்னால் இந்தியாவில் கிடையாது. உலகத்திலும் எங்கேயும் கல்யாணத்துக்கும் தலைத்துணிக்கும் சம்பந்தம் கிடையாது. முடிந்தவர்கள் மறுக்கலாம்."

3 ஜூன், காலை 6.40

மறுக்கிறேன்.

பாபர் பானிபட்டில் ஜெயித்தது 1526. இராக்கில் டைகிரிஸ் கரையில் அசூர் என்று ஒரு பழைய நகரம் இருந்தது. 1903 முதல் 1914 வரை ஜெர்மன்காரர்கள் அங்கே தோண்டினார்கள். கிடைத்த களிமண் பலகைகளில் ஒன்றில் இருப்பது பெரும்பாலும் பெண்களைப் பற்றிய சட்டம். பலகை கி.மு. 11ஆம் நூற்றாண்டில் படியெடுத்தது, சட்டம் அதைவிடப் பழசு. அதன் 40ஆம் பிரிவில் தெருவில் யார் தலையை மூட வேண்டும், யார் மூடக் கூடாது என்று வரிசையாக வருகிறது. மனைவி மூட வேண்டும். விலைமகள் மூடக் கூடாது. அடிமைப் பெண் மூடக் கூடாது.

மூடினால்? விலைமகளைப் பிடித்து அரண்மனை வாசலுக்கு இழுத்துப் போய் 50 பிரம்படி கொடுத்து, தலையில் கீல் ஊற்ற வேண்டும். பிடித்தவன் அவள் துணியை எடுத்துக்கொள்ளலாம், நகையைத் தொடக் கூடாது. அடிமைப் பெண்ணுக்குக் காது போகும். பார்த்தும் பிடித்துக் கொடுக்காத ஆணுக்கும் 50 அடி உண்டு, காதைத் துளைத்துக் கயிறு கோத்துப் பின்னால் கட்டிவிடுவார்கள், அதோடு ஒரு மாதம் அரசனுக்குச் சும்மா வேலை செய்ய வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மூடாமல் போன மனைவிக்கு என்ன தண்டனை என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. தகுதியில்லாமல் மூடியவளைப் பற்றித்தான் இத்தனை ஆத்திரம். வண்டியில் 'பிரஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறவனைப் பிடிப்பது மாதிரி.

அடுத்த பிரிவு இன்னும் நேரடி. ஒருவன் தன் ஆசைநாயகியை மனைவியாக்க வேண்டுமானால் அக்கம்பக்கத்தார் ஐந்தாறு பேரை உட்காரவைத்து, அவர்கள் கண்ணெதிரே அவள் தலையில் துணியைப் போட்டு, "இவள் என் மனைவி" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், அவள் மனைவி. சம்பந்தம் இல்லை என்கிறீர்களே, அங்கே தாலியே அதுதான்.

3 ஜூன், மதியம்

"அது இராக், இந்தியாவுக்கு வாங்க" என்று கேட்டிருக்கிறார்கள். வருகிறேன்.

முகலாயருக்குப் பல நூற்றாண்டு முந்திய காளிதாசனின் நாடகம், சாகுந்தலத்தின் ஐந்தாம் அங்கம். சகுந்தலை துஷ்யந்தனின் சபைக்குள் வருகிறாள். அவளைப் பற்றி ராஜா கேட்கும் முதல் கேள்வியே முக்காடிட்ட இவள் யார் என்பதுதான். அவன் தெரியாது என்று சாதித்ததும் கூட வந்த கௌதமி அவள் முக்காட்டை விலக்கிக் காட்டுகிறாள். ஆசிரமத்தில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியபோது சகுந்தலைக்கு முக்காடு இருந்ததாகச் சொல்லவில்லை. புருஷன் வீட்டு வாசலில்தான் அது தலைக்கு ஏறுகிறது.

இதைவிட நல்ல சாட்சி மிருச்சகடிகம், அதுவும் பழைய சம்ஸ்கிருத நாடகம்தான். வசந்தசேனை கணிகை. நாடகம் முடிகிற இடத்தில், புதிய ராஜா உன்னை 'வதூ', அதாவது மணமகள், என்ற சொல்லால் கௌரவிக்கிறார் என்று அவளிடம் சொல்லிவிட்டு அவள் தலையில் முக்காட்டைப் போட்டுவிடுகிறான் சர்விலகன். அதற்கு முன்னால், நாலாம் அங்கத்தில், அவளுடைய பணிப்பெண் மதனிகைக்கு அடிமைத்தளை நீங்கிக் கல்யாணம் ஆகும்போதும் இதே பேச்சுதான்: கிடைத்தற்கரியது 'வதூ' என்ற பேரும் அந்த முக்காடும்.

அசூர் பலகையைப் படித்துவிட்டு இதைப் படித்தால் கொஞ்சம் சிலிர்க்கும். நடுவில் எத்தனை நூற்றாண்டு, எத்தனை பாலைவனம். ஆனாலும் கணிகை மனைவியாவதற்கு இரண்டு இடத்திலும் ஒரே சடங்கு. இங்கே ஒரு வித்தியாசம், கீல் ஊற்றவில்லை.

வடநாட்டில் சுல்தான்கள், முகலாயர் காலத்தில் இந்தப் பழக்கம் இறுகியது என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். அப்போதுதான் முளைத்தது என்றால் இல்லை.

3 ஜூன், இரவு

நனைஞ்ச பிறகு முக்காடு எதற்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பழமொழி நல்ல பழமொழிதான், இந்த இழைக்கு எப்படிப் பொருந்துகிறது என்றுதான் புரியவில்லை.

4 ஜூன், காலை 5.50

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும்.

அசூர் சட்டத்தில் மனைவி மட்டும் மூட வேண்டும் என்கிற தொனியில் எழுதிவிட்டேன். தப்பு. விதவையும் மூட வேண்டும், குடிமகனின் மகளும் மூட வேண்டும், எஜமானியோடு தெருவில் போகும் ஆசைநாயகியும் மூட வேண்டும். அப்படியானால் அந்தத் துணி கல்யாணத்தைச் சொல்லவில்லை. இவள் ஒரு வீட்டுக்குச் சேர்ந்தவள், தொட்டால் கேட்க ஆள் உண்டு என்பதைத்தான் சொல்கிறது.

ஆனால் அதே பிரிவில் ஒரு வரி என் பக்கம் சாய்கிறது. கோயில் ஊழியம் செய்யும் ஒரு வகைப் பெண்களைப் பற்றிய வரி அது. அவர்களில் கல்யாணமானவள் மூட வேண்டும், ஆகாதவள் திறந்த தலையோடு போக வேண்டும். ஒரே கோயில், ஒரே ஊழியம், வித்தியாசம் கல்யாணம் மட்டும்தான்.

பாதி தோற்றேன், பாதி ஜெயித்தேன்.

4 ஜூன், மாலை

எனக்கு இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டவருக்கு.

1987இல் இவருக்கு ஜோத்பூருக்கு மாற்றல். நாலு வருஷம் இருந்தோம். பழைய ஊருக்குள் நீலச் சுவர் வீடு, மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர்கள். வீட்டுக்கார அம்மாவை மாஜி என்போம். அவர் மருமகளுக்கு என் வயது, இருபத்து நாலு இருக்கும். வீட்டில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, பீந்தணி என்பார்கள். மார்வாடியில் மணப்பெண்ணுக்கும் மருமகளுக்கும் அது ஒரே சொல்.

முற்றத்தில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருப்போம். வாசலில் மாமனார் ஒரு கனைப்புக் கனைப்பார். அவருக்குச் சளி என்றுதான் முதல் மாதம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். கனைத்துவிட்டுப் பத்து எண்ணுகிற நேரம் நின்றுதான் உள்ளே வருவார். அதற்குள் இவள் ஓட்னி, தலையில் போடும் மேல்துணி, மூக்கு வரைக்கும் இறங்கியிருக்கும். கையில் பாத்திரம் இருந்தால் துணியின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொள்வாள். கை சும்மா இருந்தால் ஆள்காட்டி விரலும் நடு விரலும் துணியைக் கத்தரிக்கோல் மாதிரி பிடிக்கும், நடுவில் ஒரு கண் அளவுக்குச் சந்து. உள்ளே வருகிறவர் முகம், செருப்பைக் கழற்றும் விதம், கோபமா இல்லையா, எல்லாம் அந்தச் சந்து வழியாகத் தெரிந்துவிடும். அவருக்குத்தான் இவள் முகம் தெரியாது. மாமனாரிடம் நேராகப் பேச்சும் கிடையாது. "தாத்தாவைச் சாப்பிட வரச் சொல்" என்று குழந்தையிடம் சொல்வாள், மூன்றடி தூரத்தில் இருந்துகொண்டு.

ஒரு முறை அவள் பிறந்த ஊருக்கு என்னையும் கூட்டிப் போனாள், நாகோர் பக்கம். பஸ் ஊரைத் தாண்டும்வரை துணி நெஞ்சு வரைக்கும் தொங்கியது. ஒரு டீக்கடை வந்தது. அதைத் தாண்டியதும் ஓட்னியைப் பின்னால் தள்ளிவிட்டு ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கேட்டால் சிரிக்கிறாள். புருஷன் வீட்டு மனிதர்கள் கண் எதுவரை எட்டும் என்று கணக்கு வைத்திருக்கிறாள், அந்த டீக்கடைதான் எல்லை. பிறந்த ஊரில் தெருவில் பெரியப்பா, சித்தப்பா எல்லோர் முன்னாலும் திறந்த தலை. அங்கே அவள் மகள்.

கல்யாணத்துக்கு அடையாளம் என்கிறோமே, அது ஆளின் மேல் இல்லை, தூரத்தின் மேல் இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. தாலி அப்படியில்லை. பிறந்த வீட்டுக்குப் போனாலும் கழுத்தில்தான் கிடக்கும்.

4 ஜூன், இரவு 10.15

முக்கியமானதை விட்டுவிட்டேன்.

பங்குனி வாக்கில் அங்கே கண்கௌர் வரும். கல்யாணமான பெண்கள் புருஷனுக்காகக் கௌரியைக் கும்பிடுவார்கள். மாஜி என்னை உட்காரவைத்து, கைக்கு மருதாணி போட்டு, சிவப்பு ஓட்னி ஒன்றை என் தலையில் போட்டு நெற்றி வரை இழுத்துவிட்டார். இவர் ஒரு போட்டோ எடுத்தார். அழகாக வந்திருந்தது. திருநெல்வேலிக்கு அம்மாவுக்கு அனுப்பினேன்.

பதில் கடிதத்தில் நலம், மழை, மதினிக்குக் குழந்தை எதுவும் இல்லை. "முட்டாக்குப் போட்டுக்கிட்டு யாராவது படம் எடுப்பாகளா, அதுவும் அவுக கையாலயே. ஆச்சி கண்ணில் காட்டலை" என்று இருந்தது. கூடவே போட்டோவும் திரும்பி வந்தது.

எங்கள் ஊரில் முட்டாக்கு என்றால் ஆச்சிதான். முப்பது வயதில் தாலி அறுத்தவர். வெள்ளைச் சேலை, முந்தியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொள்வார். நல்ல காரியம் நடக்கும் வீட்டில் முன் பக்கம் வரவே மாட்டார். அம்மாவுக்கு அந்தப் படத்தில் சிவப்பு தெரியவில்லை, மருதாணி தெரியவில்லை, தலையில் துணி மட்டும்தான் தெரிந்தது. மாஜிக்கு அதே துணியில் சுமங்கலி தெரிந்தாள்.

5 ஜூன்

"தமிழ்நாட்டிலும் முஸ்லிம் பெண்கள், சர்ச்சில் கிறிஸ்தவப் பெண்கள் தலையில் துணி போடுகிறார்களே, அதை ஏன் சொல்லவில்லை?" சொல்லலாம், ஆனால் அது கல்யாணத்தோடு சேர்ந்ததில்லை. கன்னியும் போடுவாள், மனைவியும் போடுவாள், பாட்டியும் போடுவாள். நம் இழை அதைப் பற்றியதில்லை.

கிறிஸ்தவத்தில் இந்தச் சண்டையே ஒரு காலத்தில் நடந்திருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் தெர்துல்லியன் என்பவர் கன்னிப் பெண்களும் தலையை மூட வேண்டும் என்று ஒரு நூலே எழுதினார். எழுத வேண்டி வந்தது என்றாலே அவருடைய ஊரில் மனைவிமார் மூடினார்கள், கன்னியர் மூடவில்லை என்றுதானே அர்த்தம்.

5 ஜூன், மாலை

ரோமைப் பற்றி ஒருவர் கேட்டார். ரோமானிய மணப்பெண்ணின் முக்காடு தீ நிறம், நம் கூறைப்புடவை மாதிரி சிவப்பு. லத்தீனில் பெண் கல்யாணம் செய்துகொள்வதற்கான வினைச்சொல் 'நூபெரே'. மூடிக்கொள்வது என்று அந்தக் காலத்து ரோமானியர்களே அதற்குப் பொருள் சொன்னார்கள்.

கயஸ் சுல்பீசியஸ் கல்லஸ் என்று ஒருவர், கி.மு. 166இல் கான்சலாக, அதாவது ரோமின் உச்சப் பதவியில், இருந்தவர். மனைவி தலையை மூடாமல் வெளியே போனாள் என்பதற்காக அவளைத் தள்ளிவைத்தார். உன் அழகைப் பார்க்கச் சட்டம் என் கண்ணுக்கு மட்டும்தான் உரிமை கொடுத்திருக்கிறது என்றாராம். இதே மனிதர்தான் கி.மு. 168இல் பிட்னா போருக்கு முன்னால் சந்திர கிரகணம் ஏன் வருகிறது என்று சிப்பாய்களுக்கு விளக்கிப் பயத்தைத் தெளியவைத்தவர். சந்திரன் மறைவதைப் புரியவைத்தவருக்கு மனைவி தலை மறையாதது பொறுக்கவில்லை.

5 ஜூன், இரவு

திருத்தம். சிவப்பு இல்லை, மஞ்சள். ரோமானிய மணப்பெண் முக்காட்டின் 'ஃப்ளாமியம்' என்ற பெயரில் தீ இருப்பதால் சிவப்பு என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். ரோமானிய எழுத்தாளர் பிளினி தெளிவாக மஞ்சள் என்கிறார், முட்டைக் கருவின் மஞ்சள். விளக்குத் தீ மஞ்சள்தானே, அடுப்பங்கரையில் நாற்பது வருஷம் நின்றவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா.

7 ஜூன்

"அப்படியானால் பழைய தமிழ்ப் பெண்ணுக்குத் தலையில் அடையாளமே இல்லையா?"

இருந்தது. துணி இல்லை, பூ.

கலித்தொகை 115ஆம் பாட்டு. ஆயர் மகன் சூடி வந்த முல்லைச் சரத்தை ஒரு பெண் தன் கூந்தலுக்குள் செருகி மறைத்து வைத்திருக்கிறாள். வீட்டில் வெண்ணெய் தடவக் கூந்தலை விரிக்கிறார்கள். அன்னை முன்னாலேயே பூ விழுந்துவிடுகிறது. அன்னை என்ன ஏது என்று கேட்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. நெருப்பைத் தொட்டவள் மாதிரிக் கையை உதறிவிட்டு வெளியே போய்விடுகிறாள்.

அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் கடிதம் ஞாபகம் வரும். படத்தைத் தொட்ட கையை அம்மாவும் இப்படித்தான் உதறியிருப்பாள்.

கணவன் போனால் அந்தக் கூந்தலே போகும். புறநானூறு 250இல் "கூந்தல் கொய்து குறுந்தொடி நீக்கி" என்று வருகிறது. பூ ஏறுகிறது, பிறகு பூவும் இறங்கி, முடியும் இறங்குகிறது. துணிக்கு அங்கே வேலையே இல்லை.

பின்னலைவிட்டுக் கொண்டைக்கு மாறுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் அத்தை ஒருத்தி அறுபது வயதிலும் பின்னல்தான், முடி அத்தனை. யாரும் கன்னி என்று நினைக்கவில்லை.

8 ஜூன், காலை

"எல்லாம் பெண்கள் தலையிலேயே வந்து விடிகிறதே, ஆம்பளைக்குக் கிடையாதா?" நியாயமான கேள்வி. பதில் என் தம்பி மகள் வழியாக வந்தது. கொரிய நாடகமாகப் பார்த்துத் தள்ளுகிறாள். பழைய காலத்துக் கதையில் தாடி முளைத்த ஆள் எதற்கு ரெட்டைப் பின்னல் வயசுப் பிள்ளை மாதிரி முதுகில் ஒற்றைப் பின்னலோடு அலைகிறான் என்று கேட்டாள்.

கல்யாணம் ஆகவில்லை, அதனால்தான். சோசன் வம்சம் ஆண்ட காலக் கொரியாவில் கல்யாணமாகாத ஆணுக்குப் பின்னல். கல்யாணம் ஆனால்தான் உச்சியில் குடுமி, அதற்கு 'சங்து' என்று பேர். குடுமி இருந்தால்தான் மேலே குதிரைமுடியில் பின்னிய 'கட்' தொப்பி. நாற்பது வயதானாலும் கல்யாணம் ஆகாவிட்டால் பின்னல்தான், ஊரில் சின்னப் பையனிடம் பேசுவது மாதிரிதான் பேசுவார்கள். பொறுக்க முடியாத சிலர் கல்யாணம் ஆகாமலே குடுமி போட்டுக்கொள்வார்கள். அதற்குத் தனியாக ஒரு கேலிப் பேரும் உண்டு, 'கன்சங்து'. நம் ஆட்கள் இருந்தால் காய்ந்த குடுமி என்றிருப்பார்கள்.

1895 கடைசியில் ஆண்கள் எல்லோரும் முடியை வெட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ராஜா கோஜோங் தன் முடியையே முதலில் வெட்டிக்கொண்டார். ஊர் ஊராகக் கலகம். தலையை வேண்டுமானால் வெட்டுங்கள், முடியை விட மாட்டேன் என்றார் சோ இக்யோன் என்ற அறிஞர். அவர் கவலை கல்யாணம் இல்லை, முடி தாய் தகப்பன் கொடுத்தது என்பது. ஆனால் முச்சந்தியில் கத்தரிக்கோலோடு நின்ற சேவகனிடம் மாட்டிய சாதாரண ஆளை நினைத்துப் பாருங்கள். ஒரு வெட்டில் குடும்பஸ்தன் களை போய்விட்டது.

8 ஜூன், மதியம்

ரெட்டைப் பின்னலுக்கும் ஒற்றைப் பின்னலுக்கும் மேலே குழப்பிவிட்டேன், மன்னிக்கவும். ரெட்டைப் பின்னல் நம் ஸ்கூல் பிள்ளைகளுக்கு. கொரியாவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒற்றைதான்.

ரெட்டை என்றதும் ரஷ்யா ஞாபகம் வருகிறது. அங்கே கிராமத்துக் கன்னிக்கு ஒற்றைப் பின்னல், முதுகில் தெரிய விடலாம். கல்யாணத்தன்று தோழிகள் அழுதுகொண்டே அதைப் பிரித்து இரண்டாகப் பின்னி, தலையைச் சுற்றி வைத்து, மேலே குல்லாய் போட்டு மூடிவிடுவார்கள். அதன் பிறகு அந்த முடி வெளியாள் கண்ணில் படக் கூடாது. 'அப்ரஸ்தவலோசித்ஸா' என்று ரஷ்ய மொழியில் ஒரு வினை இருக்கிறது. இன்றைக்கு அசட்டுத்தனமாக மாட்டிக்கொள்வது என்று பொருள், உள்ளே இருக்கும் பொருள் தலைமுடி திறந்து நிற்பது. நமக்கு மானம் போனால் தலையில் துண்டு ஏறுகிறது, அவர்களுக்குத் துணி இறங்குகிறது.

ஜெர்மனியில் கல்யாணம் ஆவதை இன்றைக்கும் 'குல்லாய்க்குக் கீழே வருவது' என்கிறார்கள். குல்லாய் போட்டு எத்தனையோ தலைமுறை ஆகியும் பேச்சு மட்டும் நிற்கிறது. அங்கே கருங்காட்டுப் பகுதியில் குடாக் முதலான மூன்று ஊர்களில் 'பொல்லன்ஹூட்' என்று ஒரு வைக்கோல் தொப்பி, மேலே கம்பளி நூல் உருண்டை 14. கன்னிக்குச் சிவப்பு, மனைவிக்குக் கறுப்பு. இரண்டு கிலோ வரை கனக்கும். சுற்றுலா விளம்பரத்தில் எல்லாம் சிவப்புதான். கறுப்பைப் போட்டு யார் டிக்கெட் விற்பார்கள்.

10 ஜூன்

திருப்பதி முடியைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

வைதிக யூத மரபில் கல்யாணமான பெண் முடியை மறைக்க வேண்டும். மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் காலத்திலேயே, திறந்த தலையோடு வெளியே போகிற மனைவியை மணப்பத்திரப் பணம் கொடுக்காமல் தள்ளிவைக்கலாம் என்று விதி இருக்கிறது. அதற்குத் துணி கட்டுவார்கள், அல்லது 'ஷெய்டல்' என்கிற டோப்பா வைப்பார்கள். முடியை மறைக்க முடி. வேடிக்கைதான், ஆனால் நியூயார்க்கில் அந்த டோப்பாவை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவளைப் பார்த்தால் வெளியாளுக்கு வித்தியாசம் தெரியாது, அவள் சனத்துக்குத் தெரியும். நல்ல டோப்பாவுக்கு மனித முடி வேண்டும். மனித முடி எங்கே மலைமலையாகக் கிடைக்கும்? ஏழு மலையில்.

2004 மே மாதம் ஜெருசலேமில் எலியாஷிவ் என்ற பெரிய ரப்பி (யூத மதகுரு), இந்தியக் கோயில் முடி விக்கிரகத்துக்குப் படைத்தது, அதை உபயோகிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கு முன்னால் லண்டனிலிருந்து ஒரு ரப்பி திருப்பதிக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். புரூக்ளின் தெருவில் டோப்பாக்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். அன்றைக்கு அந்தச் செய்தியைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். நாலைந்து வருஷம் முந்தி நான் கொடுத்த முடியும் அதில் எரிந்ததோ என்று அப்புறம்தான் தோன்றியது.

அவர்கள் விவாதம் நமக்கு நன்றாகவே புரியும். முடி எடுப்பதே படையலா, அல்லது சாமி பார்க்கப் போவதற்கு முன் செய்கிற சுத்தமா? படையல் இல்லை, சுத்தம்தான் என்று முன்னால் சிலர் வாதாடியிருக்கிறார்கள். என்னிடம் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தீர்த்திருப்பேன். நாம் அதற்கு வைத்திருக்கும் பேரே முடிகாணிக்கை. ரப்பி பக்கம்தான் நியாயம்.

திருமலையில் மொட்டை அடிக்கிற இடத்துக்குப் பேர் கல்யாணகட்டா. நான் உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒரு ஆந்திர அம்மா, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலையைக் கொடுத்தார். சவரத் தொழிலாளி இரண்டு முடிச்சாகப் போட்டு, நெற்றியிலிருந்து ஆரம்பித்தார். ஊருக்கு வந்ததும் மொட்டைத் தலைக்குச் சந்தனம் தடவி, வெயிலுக்கு முந்தியைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தேன். அம்மா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. வேண்டுதல் மொட்டைக்கு முட்டாக்குத் தோஷம் கிடையாது போலிருக்கிறது.

11 ஜூன்

யூத ஆண்களுக்கும் உண்டு, விட்டுவிட்டேன். ஹசிதியர் என்ற யூதப் பிரிவினரில் பெரும்பாலும் கல்யாணமானவர்தான் ஓய்வுநாளில் 'ஷ்ட்ரைமல்' என்ற ரோமத் தொப்பி போடுவார். ஐரோப்பியக் குளிருக்குப் பிறந்த தொப்பியை ஜெருசலேம் வெயிலிலும் கழற்றுவதில்லை. பட்டு வேட்டி, ஜரிகைத் துண்டோடு மே மாத முகூர்த்தத்தில் உட்காரும் நம் மாப்பிள்ளைகள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

கோவைப் பக்கத்து நண்பர், மாப்பிள்ளைக்கு உருமால் கட்டுவதை மறந்துவிட்டீர்களே என்கிறார். மறக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். தலைப்பாகை கட்டுவது கல்யாணத்தில் மட்டுமா? எங்கள் பக்கம் அப்பா இறந்த பிறகு கருமாதியில் மகனுக்கு மாமன் மச்சான் உருமா கட்டுவார்கள். இனி நீதான் வீட்டுக்குப் பெரியவன் என்று. நல்லதுக்கும் கெட்டதுக்கும் அதே துணி.

13 ஜூன், அதிகாலை

உருமாவை எழுதிய பிறகு இரண்டு நாளாக வேறொன்று மனசில் கிடந்து உறுத்துகிறது.

4ஆம் தேதி எழுதியதில், மாஜிக்கு ஒன்று தெரிந்தது, அம்மாவுக்கு வேறொன்று தெரிந்தது என்று நேர் எதிர் மாதிரி நிறுத்தினேன். அது முழுக்கச் சரியில்லை.

பீந்தணிக்கு இரண்டாவது பிரசவம் ஆனபோது அவள் பிறந்த வீட்டிலிருந்து பீலியா வந்தது. மஞ்சள் ஓட்னி, சிவப்புக் கரை, நடுவில் பெரிய சிவப்பு வட்டம். பிள்ளை பெற்றவள்தான் அதைப் போடலாம். அவள் அண்ணன் பித்தளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். குளித்துவிட்டு வந்தவள் தலையில் அதைப் போட்டதும், துணிக்குள் அழுகிறாள் என்று தோள் குலுங்குவதிலிருந்து தெரிந்தது.

1996இல் அப்பா போனார். பதினாறாம் நாள் மாமா கோடி கொண்டுவந்தார். பிறந்த வீட்டுக் கோடி, அண்ணன்தான் போட வேண்டும். வெள்ளை வேண்டாம் என்று நாங்கள் சொல்லியிருந்ததால் சந்தன நிறம், மெல்லிய கரை. உட்காரவைத்து மாமா அதைப் பிரித்து அம்மா தலையில் போட்டார். அம்மா கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் கையை மேலே கொண்டுபோய் அதைத் தலையிலிருந்து தோளுக்கு இழுத்துவிட்டாள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மூலையில் முட்டாக்கோடு ஆச்சி இருந்தார், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அம்மா தலையில் துணி போட்டு நான் பார்த்ததில்லை, மழைக்குக்கூட.

இரண்டு இடத்திலும் துணி வருவது பிறந்த வீட்டிலிருந்து, போடுகிறவன் கூடப் பிறந்தவன். நான் இத்தனை நாளாகப் புருஷன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

13 ஜூன், மாலை

"பீலியா மகன் பிறந்தால் மட்டும்தானே?" முன்பு அப்படித்தான் பல குடும்பங்களில். அவளுக்கு இரண்டாவது பையன். முதல் பிரசவத்தில் பெண் பிறந்தபோது வரவில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். அழுகைக்கு அதுவும் காரணமாக இருக்கலாம், எனக்கு அப்போது உறைக்கவில்லை.

14 ஜூன்

துணி தலையில் எப்படி நிற்கும், நழுவாதா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இத்தனை நாளில் வந்த உருப்படியான கேள்வி. பருத்தி நிற்கும். நைலக்ஸ், ஜார்ஜெட் நிற்காது, கொண்டையில் ஒரு ஊக்குக் குத்த வேண்டும். பீந்தணி கொண்டையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் போடுவாள், துணி அதில் மாட்டிக்கொள்ளும். எனக்கு எண்ணெய்த் தலை, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வழுக்கும். மாஜி ஒவ்வொரு தடவையும் இழுத்துவிடுவார், கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

15 ஜூன்

அந்தப் போட்டோ என்ன ஆயிற்று என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

திருநெல்வேலியிலிருந்து திரும்பி வந்த கவரை முற்றத்தில் வைத்துத்தான் பிரித்தேன். மாஜி எட்டிப் பார்த்து, ஊருக்கு அனுப்பியது ஏன் திரும்பி வந்திருக்கிறது என்று கேட்டார். ஊரில் இன்னொரு பிரதி போட்டுக்கொண்டு இதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லிவைத்தேன். "அப்படியா, இதை எனக்குக் கொடு" என்று வாங்கிக்கொண்டார். கீழ் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடிச் சட்டம் இருந்தது, குடும்பத்துப் படங்களெல்லாம் அதற்குள்தான். அதில் மாமனார் படத்துக்கும் பீந்தணியின் கல்யாணப் படத்துக்கும் நடுவில் செருகினார். 1991இல் நாங்கள் சாமான் கட்டிக் கிளம்பியபோது அங்கேதான் இருந்தது. கேட்டு வாங்கத் தோன்றவில்லை.